உங்களுக்குத் தெரியுமா? தாத்தா கடிகாரத்தின் பின்மூடிக்குள்!

ஸ்ரீரங்கம் உத்திர வீதி வீட்டு மரப் பீரோவில், பொன்மலை ரயில்வே குடும்பத்து டிரங்குப் பெட்டியில், செயின் கோத்த பாக்கெட் கடிகாரம் ஒன்று இன்றும் கிடக்கலாம். ஓடவில்லை என்று ஒதுக்காதீர்கள். பழைய அமெரிக்கக் கடிகார மெஷின்களைத் தேடிச் சேர்த்து, படம் எடுத்து வைப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஏன் என்று பாருங்கள்.

★ அமெரிக்காவில் அந்தக் காலத்தில் வால்தம், எல்ஜின் போன்ற கம்பெனிகள் பெரும்பாலும் மெஷினை மட்டும்தான் விற்றன. வாங்க வந்தவர் கடையில் மெஷினை ஒரு பக்கம், வெள்ளியிலோ தங்கத்திலோ கேஸை இன்னொரு பக்கம் தேர்ந்தெடுப்பார். கடைக்காரர் இரண்டையும் சேர்த்து மாட்டித் தருவார். அதனால் கேஸில் உள்ள எண்ணை வைத்துக் கடிகாரத்தின் வயதைச் சொல்ல முடியாது. மெஷினில் பொறித்த எண்தான் அதன் ஜாதகம். எந்தக் கம்பெனி, எந்த மாடல், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

★ தங்கம் விலை ஏறியபோதெல்லாம் எத்தனையோ கேஸ்கள் உருக்கப்பட்டன. மெஷின் மட்டும் அநாதையாக மிஞ்சியது. இன்று சேகரிப்பாளர்கள் கையில் இருப்பவற்றில் பல, அப்படி வீடிழந்த மெஷின்கள்தான்.

★ எல்ஜின் கம்பெனி 1864-ல் தொடங்கியது. 1867-ல் வந்த அதன் முதல் கடிகாரத்துக்கு, சிகாகோ நகர மேயராக இருந்த பி.டபிள்யூ.ரேமண்ட் பெயரைச் சூட்டினார்கள். நூறாண்டுக் காலத்தில் அந்தக் கம்பெனி செய்த கடிகாரங்கள் சுமார் 6 கோடி! சேகரிக்கத் தொடங்குபவருக்கு எல்ஜின் எளிதில் அகப்படுவது இதனால்தான்.

★ 1891 ஏப்ரல். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் கிப்டன் அருகே இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒரு ரயில்காரரின் கடிகாரம் 4 நிமிடம் நின்றுவிட்டுத் தானாக மறுபடி ஓடியதே காரணம் என்று சொல்லப்படுகிறது. அதன் பிறகு வெப் பால் என்ற கடிகார வியாபாரியை அழைத்து, ரயில்காரர்களின் கடிகாரங்களைச் சோதிக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

★ ரயில்காரர்களின் கடிகாரங்களுக்குப் பின்னாளில் வந்த விதிகள் கறாரானவை. குறைந்தது 17 கல் (விளக்கம் கீழே). வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது. படுக்க வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் 5 நிலைகளில் சரியாக ஓட வேண்டும். முள்ளைத் திருப்ப, கண்ணாடி வளையத்தைக் கழற்றி உள்ளே இருக்கும் சின்ன நெம்புகோலை இழுக்க வேண்டும். கை பட்டு நேரம் மாறிவிடக் கூடாது அல்லவா? 100 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டிலும் நேரம் தவறக் கூடாது. திருச்சியின் கத்திரி வெயில் அந்த வரம்பையும் தாண்டும்!

★ நாகப்பட்டினத்திலிருந்து வந்த ரயில் பாதை திருச்சியைத் தொட்டது 1862-ல். பிற்பாடு இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரப்படி ஓடின. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. திருச்சியின் சூரிய நேரம் அதற்கும் சுமார் 6 நிமிடம் பின்னால். 1906-ல் இந்தியப் பொது நேரம் வந்தபின் அந்த இடைவெளி கால் மணி ஆனது. இன்றும் ஸ்ரீரங்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12.15-க்குத்தான்.

★ நம் ஊர்ப் பெட்டிகளில் அமெரிக்கக் கடிகாரத்தை விட, 'வெஸ்ட் எண்ட்' போன்ற சுவிஸ் கடிகாரங்களே அதிகம் கிடைக்கும். மூடியில் எஞ்சின் படம் இருப்பதாலேயே அது ரயில்வே கடிகாரம் ஆகிவிடாது, அழகுக்காகவும் பொறித்தார்கள். பழைய ரயில்வே கடிகாரங்களைப் பார்க்க ஆசையா? 2014-ல் திறந்த திருச்சி ரயில்வே அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

★ '17 கல்', '21 கல்' என்பது நகைக் கணக்கு அல்ல. சுழலும் அச்சு முனைகள் தேயாமல் இருக்க மாணிக்கக் கல்லில் துளையிட்டுப் பதிக்கிறார்கள். 1902-ல் பிரெஞ்சுக்காரர் வெர்னாய் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்ட பிறகு, கடிகாரங்களுக்கும் அந்தக் கல்லே வந்தது. செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவதில் பெயர் வாங்கிய திருச்சிக்காரர்களுக்கு, இந்தக் கல் ஒரு வகையில் சொந்தம்தான்.

★ இந்தக் கடிகாரங்களில் பெரும்பாலானவற்றின் துடிப்பு விநாடிக்கு 5. மணிக்கு 18,000. ஒரு நாளைக்கு 4,32,000. கலியுகத்துக்குப் பஞ்சாங்கம் சொல்லும் ஆண்டுக் கணக்கும் இதே எண்!

★ மெஷின் தகடுகளில் அலையலையாக, சக்கரம் சக்கரமாக ஓடும் கோடுகளுக்கு 'டமஸ்கீன்' வேலைப்பாடு என்று பெயர். சிக்குக் கோலம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். சிலவற்றில் தங்க நிறமும் வெள்ளி நிறமும் மாறி மாறி வரும். இத்தனையும் பின்மூடிக்குள்! வாழ்நாள் முழுக்க நேரம் பார்த்தவர் கண்ணிலேயே அது பட்டிருக்காது. பழுது பார்த்தவர்தான் ரசித்திருப்பார்.

★ படம் எடுக்கப் பெரிய கேமரா வேண்டாம். ஃபிளாஷை அணையுங்கள், மெருகேறிய தகடு கண்ணாடி போல் அதைத் திருப்பி அடித்துக் கோடுகளை விழுங்கிவிடும். முற்றத்திலோ ஜன்னலோரத்திலோ, பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலை வெளிச்சம் போதும். வெயில் நேராகப் பட்டால் நடுவே டிரேசிங் பேப்பர் பிடியுங்கள். கடிகாரத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே பாருங்கள்: ஒரு கோணத்தில் கோடுகள் சட்டென்று எழுந்து நிற்கும். அதுதான் படம். எண் தெளிவாகத் தெரியும்படி இன்னொன்று எடுத்துவிடுங்கள்.

★ சமையலறைக் கத்தியால் மூடியை நெம்ப வேண்டாம்; பல மூடிகள் திருகிக் கழற்றுபவை. வாயால் ஊதவும் கூடாது. எச்சில் ஈரத்தில் எஃகு துருப்பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் கிடந்ததற்குச் சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்காதீர்கள், எண்ணெய் காய்ந்திருக்கும். கண்ணில் லென்ஸ் மாட்டி உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொண்டு போங்கள். அவர் திறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

★ எடைக்குப் போட்டால் கேஸின் வெள்ளிக்கு மட்டும்தான் காசு. மெஷினுக்கு ஒன்றும் கிடைக்காது. தாத்தாவோடு உழைத்ததோ அந்த மெஷின்தான். போடும் முன் ஒரு முறை மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.