உங்களுக்குத் தெரியுமா? சைலன்சரை மாற்றினால் பெட்ரோலுக்கு என்ன ஆகும்

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில், ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று. ஞாயிறு விடியற்காலையில் சென்னையிலிருந்து கிளம்பி, சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தடாவுக்கு வந்து சேரும் பைக், லிட்டருக்கு 40 கொடுத்தால்கூட, வழியில் 18,000 லிட்டர் காற்றைக் குடித்திருக்கும். சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றுகிறவர் கைவைப்பது இந்தக் காற்றில்தான்.

காற்று கூடினால் பெட்ரோலும் தானாகக் கூடிவிடாதா? கார்புரேட்டர் வண்டியில், போதுமான அளவுக்குக் கூடாது. கம்பெனி ஃபில்டர் பெட்டி காற்றைக் கொஞ்சம் தடுக்கிறது. அந்தத் தடையும் சேர்ந்துதான் ஜெட் என்னும் சிறு துளையிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த ஃபில்டரை மாட்டினால் காற்று தாராளமாக வரும், உறிஞ்சும் விசை குறையும். கலவை மெலிந்துபோகும். ஃபில்டர் மாற்றியபின் பெரிய மெயின் ஜெட் போடச் சொல்லும் மெக்கானிக் உங்கள் இன்ஜினைக் காப்பாற்றப் பார்க்கிறார். காசு பிடுங்குகிறார் என்று நினைக்க வேண்டாம்.

கலவை சரியா என்பதை ஸ்பார்க் பிளக் சொல்லிவிடும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஐடிலில் ஓடவிடாமல், கிளட்சைப் பிடித்து அப்படியே இன்ஜினை அணைத்து ஓரம் கட்டுங்கள். சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றி, நடுமுனையைச் சுற்றியிருக்கும் பீங்கானைப் பாருங்கள். காபிப்பொடி நிறம் என்றால் நிம்மதி. விபூதி போல வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. இன்ஜின் தேவைக்கு மேல் சூடாகிறது. விளக்குக் கரி போலப் படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுப்புதான் ஆபத்து. கரி மைலேஜைத் தின்னும். வெளுப்பை மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் வால்வும் பிஸ்டனும் கருகும்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிப்பதைச் சக்தியின் அடையாளம் என்று பல தம்பிகள் நம்புகிறார்கள். சிலிண்டரில் எரியாமல் தப்பிய பெட்ரோல், சூடான குழாயில் காற்றோடு சேர்ந்து பற்றுகிற சத்தம் அது. பெரும்பாலும் ஸ்லோ ஜெட்டில் கலவை மெலிந்திருக்கும், அல்லது இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பின் இணைப்பில் கேஸ்கெட் கசிந்து வெளிக்காற்று நுழையும். முதலில் கேஸ்கெட்டைப் பாருங்கள். செலவு குறைவு.

இந்தியாவில் மோட்டார் சைக்கிளுக்கு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது 2006இல், ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ. மூலம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் ஏறக்குறைய எல்லா பைக்கிலும் அதுதான். கம்ப்யூட்டர் இருப்பதால் எல்லாவற்றையும் அதுவே சரிசெய்துகொள்ளும் என்பது பாதிதான் உண்மை. மிதமான வேகத்தில், பெண்ட் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். முழுதாக முறுக்கும்போது சென்சாரை விட்டுவிட்டு, கம்பெனி எழுதிக் கொடுத்த அட்டவணைப்படிதான் ஊற்றும். அந்த அட்டவணைக்கு உங்கள் புதுச் சைலன்சரைத் தெரியாது. சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் இன்னொரு வம்பு: உள்ளே நுழையும் வெளிக்காற்றைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் ஏமாந்து, வீணாகக் கொட்டும்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட்டில் கலவை ஏற்கெனவே கொஞ்சம் மெலிந்துதான் போகிறது. அதன்மேல் திறந்த ஃபில்டரும் சேர்ந்தால் மெலிவு இன்னும் கூடும். பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் கணக்கில் எடுக்க வேண்டும்.

தடாவில் சரியாக ஓடும் கார்புரேட்டர் வண்டி, சுமார் 980 மீட்டர் உயரத்திலுள்ள திருமலைக்குப் போனால் கொஞ்சம் திணறும். அங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாததால் கலவை தடித்துவிடும்.

தடாவுக்குப் பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து கிளம்பும் ராக்கெட்டுக்கு ஏர் ஃபில்டர் இல்லை. ஆக்சிஜனையும் சுமந்துகொண்டே போகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் முழுதாக எரிய எட்டு கிலோ ஆக்சிஜன் வேண்டும். எல்.வி.எம்.3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் இன்ஜின் எடுத்துக்கொள்வது சுமார் ஐந்து கிலோதான். எரிபொருளை வேண்டுமென்றே கூடுதலாக விட்டால் சூடு அடங்கும், எடை குறைந்த வாயு வேகமாகப் பாயும். சந்திரயான் 3ஐ 2023 ஜூலை 14 அன்று ஏற்றிச் சென்றது அந்த ராக்கெட்தான்.

மழைக்காலத்தில் தடா அருவிப் பக்கம் ஓடைகள் பாதையில் குறுக்கிடும். கம்பெனி ஏர் பாக்ஸ் காற்றை இழுக்கும் வாய் பொதுவாக உயரத்தில், மறைவாக இருக்கும். கார்புரேட்டரை ஒட்டித் திறந்து நிற்கும் ஃபில்டர் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், சத்தம், புகை விதியை முதல்முறை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை, அல்லது சிறை மூன்று மாதம் வரை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். புதுச் சைலன்சர் மாட்டியே தீருவேன் என்பவர்கள், வண்டியோடு வந்த பழைய சைலன்சரையும் ஃபில்டர் பெட்டியையும் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். சாக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள்.