காப்பீட்டு அட்டையும் வருமானச் சான்றும்

ஏழை வீட்டில் ஒருவருக்கு மார்வலி வந்துவிட்டால், ஆஸ்பத்திரிக்கு உடன் ஓடுவது ஒருவர் காரியமாகவும், ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைவது இன்னொருவர் காரியமாகவும் பிரிந்துவிடுவதை நம் ஊர்களில் யாரும் விசித்திரமாகக் கருதுவதில்லை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று மறுஜன்மம் எடுத்து, ஆட்சிகள் மாறியும் அழியாமல் நிலைத்துவிட்ட இந்த ஏற்பாட்டின்படி, ஒரு குடும்பம் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையில், அங்கீகாரம் பெற்ற அரசு ஆஸ்பத்திரியிலோ தனியார் ஆஸ்பத்திரியிலோ, கைப்பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். இருதய அறுவை சிகிச்சை, டயாலிசிஸ், புற்றுநோய் வைத்தியம், செவித்திறன் இல்லாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி என்று, சாமானியனின் வீட்டையும் நகையையும் விழுங்கக்கூடிய செலவுகளெல்லாம் இதில் அடக்கம். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க இந்த அட்டை பயன்படாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது.

குடும்பத்தின் வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படக்கூடாது என்பதே பிரதான நிபந்தனை. 2022 வரை 72,000 ஆக இருந்த வரம்பை உயர்த்தியது நியாயமான காரியந்தான். ஆனாலும் கணக்கு உதைக்கிறது. நாளொன்றுக்கு 800 ரூபாய் கூலி வாங்கும் கொத்தனார் ஒருவர் மாதம் இருபது நாள் வேலை செய்தாலே வருஷத்துக்கு 1,92,000 ஆகிவிடுகிறது. அவர் கட்டும் வட்டியையும், ஐப்பசி மழையில் சும்மா உட்கார்ந்திருக்கும் நாட்களையும் எந்தப் படிவமும் விசாரிப்பதில்லை. உள்ளதைச் சொன்னால் தகுதி போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கமும், உள்ளதை எழுதினால் பாவம் சேருமே என்ற தயக்கம் மறுபக்கமுமாக, வருமானச் சான்று எழுதும் மேஜைக்கு இருபுறமும் இருப்பவர்கள் வாய் திறவாமலே ஒரு தொகைக்குச் சம்மதிக்கும்படி செய்கிற சட்டத்தை நான் தயாளமான சட்டம் என்று சொல்லமாட்டேன். முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு வருமான வரம்பு கிடையாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றுடன் கலெக்டர் ஆபீசில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அங்கே பெரும்பாலும் கால் இடறும் இடம் வருமானமல்ல, பெயர்தான். கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களை அண்டியிருக்கும் பெற்றோர் ஆகியோருக்கே உரிமை. அவர்கள் பெயரும் ரேஷன் கார்டில் இருக்கவேண்டும். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே தங்கிவிட்டிருக்கும். அங்கே நீக்கி, இங்கே சேர்த்து, அதன் பிறகே அட்டைக்கு வரமுடியும். பிரசவத்துக்கு வளைகாப்பு நாள் குறிக்கிற மாமியார்கள் இந்தச் சில்லறை வேலையை மறந்துவிடுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு, சிகிச்சைக்கான முன் அனுமதியை ஆஸ்பத்திரியாரே காப்பீட்டு நிறுவனத்திடம் பெறுவார்கள். அனுமதியான சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியே பணம் கேட்பது விதிக்கு முரண்.

அரசாங்கத்திடம் ரேஷன் கார்டுகளின் ஜாபிதா முழுவதும் இருக்கும்போது, அதைக்கொண்டே ஏழைக் குடும்பங்களைத் தானாகப் பதிவு செய்யாமல், நோயாளியின் உறவினரைச் சான்றுக்கு அலையவிடுவதற்குத் தக்க காரணம் எனக்குப் புலப்படவில்லை. அது மாறும் வரையில், வீட்டில் எல்லோரும் திடகாத்திரமாக இருக்கும்போதே அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமோ புகாரோ இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் கேட்கலாம்.