வேகத்தைத் தீர்மானிக்கும் வளைவு

பந்தயக் காரின் வேகம் என்றதும் எஞ்சினின் குதிரைத்திறனைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடத்தைக் கவனித்தால், வளைவைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது புரியும். 1909இல் அமைந்த இந்த நீள்வட்டத் தடத்தின் ஒரு சுற்று 4 கிலோமீட்டர். 1996இல் நெதர்லாந்தின் ஆரி லுயன்டைக் தகுதிச் சுற்று ஒன்றை மணிக்கு 382 கி.மீ. சராசரி வேகத்தில் முடித்தார். ஃபார்முலா 1 கார்களும் நேர்ப்பாதையில் 350 கி.மீ. தாண்டுபவைதான். ஆனாலும் அவற்றின் அதிவேகத் தடமான மோன்சாவில் சாதனைச் சுற்றின் சராசரி 264 கி.மீ. அளவில்தான் நிற்கிறது. அங்கே வளைவுக்கு வளைவு பிரேக் போட்டாக வேண்டும். இண்டியானாபொலிஸ் தகுதிச் சுற்றில் பிரேக்குக்கு வேலையே இல்லை.

அது எப்படி முடிகிறது? வேகம் இரட்டித்தால், காரைத் திருப்பத் தேவையான விசை நான்கு மடங்காகும். இங்குள்ள வளைவின் ஆரம் சுமார் 250 மீட்டர். அதில் 360 கி.மீ. வேகத்தில் திரும்ப, காரின் எடையைப் போல நான்கு மடங்கு விசை வேண்டும். 9 டிகிரிச் சரிவு அதில் சிறு பங்கையே தரும். டயரின் பிடிப்பும் தனியாகப் போதாது. மீதியைத் தருவது காற்று. தலைகீழான விமான இறக்கை போன்ற முன், பின் இறக்கைகளும் காரின் அடிப்பாக வடிவமும் காரைத் தரையோடு அழுத்துகின்றன. அதே இறக்கை நேர்ப்பாதையில் காற்றுத் தடையாகி வேகத்தைக் குறைக்கும். ஆகவே, வளைவில் கார் வழுக்காத எல்லை வரை இறக்கையின் சாய்வைக் குறைப்பதே பொறியாளரின் கலை.

இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருப்பதில் என்ன திறமை என்று கேட்பவர்கள் உண்டு. முன்னால் போகும் கார் கலைத்துவிட்ட காற்றில் இறக்கையின் அழுத்தம் சட்டெனக் குறையும். திசை மாறும் காற்று ஒவ்வொரு வளைவையும் வேறாக்கும். பிசகினால் ஒதுங்க இடமில்லை, வெளிப்புறம் சுவர். சரிவைக் கூட்டினால் வேகமும் கூடுமே என்பது வலுவான கேள்வி. கூடும்தான். 24 டிகிரிச் சரிவுள்ள டெக்சஸ் தடத்தில் 2001இல் அது நடந்தது. புவியீர்ப்பைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசையில் ஓட்டுநர்கள் பலருக்குத் தலைசுற்றியது. பந்தய நாளன்றே பந்தயம் ரத்தானது.

லுயன்டைக்கின் சாதனை இன்றும் முறியாததற்கு இதில் விளக்கம் இருக்கிறது. 1997இல் விதிகள் மாறி எஞ்சின்களின் ஆற்றல் குறைக்கப்பட்டது. 2002இல் இண்டியானாபொலிஸ் தடத்தின் வளைவுகளில் மோதலை உள்வாங்கும் எஃகுச் சுவர்கள் வந்தன. 2024இல் அங்கே தகுதிச் சுற்றில் ஸ்காட் மெக்லாக்லின் 377 கி.மீ. சராசரியோடு முதலிடத்தில் நின்றார். இன்னும் வேகமான காரைப் பொறியாளர்களால் செய்ய முடியும். அதற்குள் உட்கார்ந்து திரும்பப்போகும் உடலை அளவுகோலாக வைத்ததுதான் இந்த விளையாட்டு எடுத்த சரியான முடிவு.