சுவருக்கு வந்த குஷ்டம்: ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லும் அதன் நோயாளிகளும்

சுவருக்குக் குஷ்டம் வருமா? துணிக்கு வருமா? வராது. ஆனால் லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களைத் தமிழில் வாசிப்பவர்களுக்கு மனித உடம்பு, ஆட்டுமயிர்த் துணி, தோல், வீட்டுச் சுவர் எல்லாவற்றுக்கும் ஒரே நோய்தான் வருகிறது. ஞாயிறுதோறும் இதைக் கேட்டு வளர்ந்த நண்பரிடம் இதுபற்றிக் கேட்டபோது, 'அது அந்தக் காலத்துக் குஷ்டம்ங்க' என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் முடிச்சு அந்தப் பதிலில்தான் விழுந்திருக்கிறது. அந்தக் காலத்துக் குஷ்டமும் இந்தக் காலத்துக் குஷ்டமும் ஒன்றா?

எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'சாராஅத்'. பிரதி தரும் அடையாளங்களைப் பார்ப்போம்: தோலில் வெள்ளைப் படர், அதிலுள்ள மயிர் வெளுத்தல், தோலைவிடப் பள்ளமாகத் தெரிதல், பச்சை மாமிசம். சந்தேகமென்றால் ஆசாரியன் ஏழு நாள் அடைத்துவைத்துப் பார்க்கிறான். தேவைப்பட்டால் இன்னும் ஏழு நாள். நாம் இன்று தொழுநோய் என்பது 1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் கண்ட பாக்டீரியாவால் வருவது. அதன் முக்கிய அடையாளங்கள் உணர்ச்சியற்ற தேமல், தடித்த நரம்பு, மடங்கிப்போகும் விரல்கள். இவற்றில் ஒன்றுகூட லேவியராகமத்தில் இல்லை. தவிரவும், கிருமி தொற்றி நோய் வெளிப்படவே ஆண்டுகள் ஆகும்; ஏழு நாளில் அதில் எந்த மாற்றத்தைக் காண முடியும்? சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ படர்வது நமக்கெல்லாம் தெரிந்த பூஞ்சணம்.

பிறகு எப்படி இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது? கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் சாராஅத்துக்கு 'லெப்ரா' என்ற சொல்லைப் போட்டார்கள். அன்றைய கிரேக்க மருத்துவத்தில் லெப்ரா என்பது செதில் உதிரும் தோல்நோய். 'லெபிஸ்' என்றால் செதில். உண்மையான தொழுநோயைக் கிரேக்க மருத்துவர்கள் பிற்பாடு 'எலிஃபன்டியாசிஸ்' என்றார்கள். அரபு மருத்துவ நூல்களில் தொழுநோய்க்கு 'ஜுதாம்' என்று பெயர். 'யானை நோய்' என்பது அங்கே கால் வீங்கும் யானைக்கால் நோயைக் குறித்தது. அரபு நூல்கள் இடைக்காலத்தில் லத்தீனுக்குப் போனபோது ஜுதாம் 'லெப்ரா' ஆனது. ஆக, வேதத்தின் லெப்ராவும் மருத்துவத்தின் லெப்ராவும் ஒரே சொல்லுக்குள் வந்து அடைந்தன. நோய் மாறவில்லை, பெயர் இடம் மாறியது. அந்தப் பெயரோடு தீட்டும் சாபமும் சேர்ந்தே இடம் மாறின.

தமிழில் நடந்தது இன்னொரு வேடிக்கை. ஆயுர்வேதத்தில் 'குஷ்டம்' என்பது ஒரு நோயின் பெயரல்ல. மகாகுஷ்டம் 7, சிறுகுஷ்டம் 11 என 18 தோல்நோய்களை அடக்கிய பெரிய கூடை அது. அந்தப் பழைய பொருளில் பார்த்தால் சாராஅத்துக்குக் 'குஷ்டரோகம்' என்பது மோசமான மொழிபெயர்ப்பே இல்லை. கூடை சுருங்கி ஒற்றை நோயானபோதுதான் வசனமும் அந்த ஒற்றை நோயாளியின் தலையில் விழுந்தது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, மரியாதையாக எழுதும் நல்ல எண்ணத்தில் 'தொழுநோய்' என்றது. மரியாதை கூடியது, சரி. ஆனால் இருந்த கொஞ்சநஞ்ச மங்கலும் போய், ஹான்சனின் நோய் மட்டுமே மிஞ்சியது.

இன்றைய மருத்துவம் தெரிந்தவர்கள் இரண்டு விதமாக இதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். ஒரு சாரார், இது சோரியாசிஸ், இது வெண்குஷ்டம், இது படர்தாமரை என்று பெயர் சூட்டுகிறார்கள். அதாவது பழைய பழியை வேறு நோயாளிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். இன்னொரு சாரார், தொற்று என்பதை மோசே அன்றே அறிந்து தனிமைப்படுத்தினார், வேதம் விஞ்ஞானத்தை முந்திவிட்டது என்கிறார்கள். பிரதியே இதை மறுக்கிறது. ஆசாரியன் வீட்டைப் பார்க்க வருமுன் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துவிடச் சொல்கிறது 14ஆம் அதிகாரம். எடுத்துவிட்டால் அவை தீட்டாகாது. கிருமி பயமென்றால் அந்தச் சாமான்களை அல்லவா முதலில் கொளுத்த வேண்டும்? ஆசாரியன் வாய்திறந்து சொன்ன பிறகுதான் தொற்றும் கிருமி எதுவும் உலகில் இல்லை. அதைவிட, உச்சி முதல் உள்ளங்கால்வரை முழுவதும் வெளுத்துவிட்டவன் சுத்தமானவன் என்கிறது 13ஆம் அதிகாரம். எந்த மருத்துவர் இப்படிச் சொல்வார்?

ஆசாரியன் மருத்துவனல்ல. அவன் மருந்து கொடுப்பதில்லை; தீர்ப்புக் கொடுக்கிறான். மேரி டக்ளஸ் 1966இல் வெளியான 'தூய்மையும் அபாயமும்' நூலில் காட்டியது போல, தீட்டு என்பது அழுக்கைப் பற்றியதல்ல, ஒழுங்கைப் பற்றியது. முழுமையானது சுத்தம், பாதி இதுவும் பாதி அதுவுமாகக் கலந்து நிற்பது அசுத்தம். முழுதும் வெளுத்தவன் ஏன் உள்ளே வரலாம், திட்டுத்திட்டாய் வெளுத்தவன் ஏன் பாளையத்துக்கு வெளியே போக வேண்டும் என்பது இப்படிப் பார்த்தால்தான் விளங்குகிறது. தமிழ் வாசகருக்கு இதை விளக்க மானிடவியல்கூட வேண்டியதில்லை. ஊர் எது, சேரி எது, யார் தொட்டால் எது தீட்டு என்பதை மருத்துவரைக் கேட்டா நாம் தீர்மானித்தோம்? 'நோய்' என்ற சொல் இந்த உறவை மறைத்துவிடுகிறது. அதிகாரத்தின் தீர்ப்பு உடம்பின் குணமாகத் தெரியத் தொடங்குகிறது.

சொல் ஆராய்ச்சிதானே, இதனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். 1940களின் இறுதியில் வேலூரில் பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடும் காயமும் பட்டே அழிகின்றன என்று கண்டார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டுமருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு அல்லது பன்னிரண்டு மாத மாத்திரையில் நோய் தீர்கிறது. ஆனால் 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற சட்டப்பிரிவுகள் போக 2019 ஆனது. இன்றும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில்தான். கிருமி செத்த பிறகும் தீர்ப்பு சாகவில்லை. 'பாவம் ஒரு குஷ்டம்' என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்லப்படும்போது, மாத்திரை முடித்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண் முக்காட்டுக்குள் கையை இழுத்துக்கொள்கிறாள்.

ஒரு நேர்மையும் வேண்டும். மிரியாம், கேயாசி, உசியா கதைகளில் சாராஅத் தண்டனையாகவே வருகிறது. அதை மொழிபெயர்ப்பின் மேல் போட்டுத் தப்பிக்க முடியாது. எருசலேமில் 1ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றின் எலும்புகளில் தொழுநோய்க் கிருமியின் மரபணுத் தடயம் கிடைத்திருப்பதால், இயேசுவின் காலத்தில் அந்நோய் அங்கே இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் மாற்கு முதல் அதிகாரத்தில் அந்த மனிதன் கேட்பது 'சுகமாக்கும்' என்றல்ல, 'சுத்தமாக்கும்' என்றுதான். இயேசு கை நீட்டித் தொடுகிறார். இதை மருத்துவ அற்புதமாக மட்டும் வாசித்தால் ஒரு நோயாளி பிழைத்தார் என்பதோடு கதை முடிகிறது. தீட்டின் கதையாக வாசித்தால், தொடக்கூடாதென்று விதிக்கப்பட்டவனைத் தொட்டதுதான் அங்கே நடந்த காரியம்.

அடுத்த மொழிபெயர்ப்பு வரும்போது அந்த இடத்தில் 'தோல் தீட்டு' என்று போட்டுப் பார்க்கலாம். வாசிப்பவருக்குக் கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும். இத்தனை காலம் அந்த உறுத்தலை வேறொருவர் உடம்பில் அல்லவா நாம் வைத்திருந்தோம்.