குதிரை தாங்குமா? ஒரு சதவீதக் கணக்கு

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொடைக்கானலுக்குக் களப்பயணமாக அழைத்துச் சென்றோம். ஏரிக்கரையில் குதிரைகளைக் கண்டதும் பிள்ளைகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "சார், முதல்ல நீங்க ஏறுங்க சார்" என்று கூச்சலிட்டார்கள். நானும் ஏறினேன். ஒரு சிறு சுற்று போய் வந்தேன். கைதட்டினார்கள், படம் எடுத்தோம்.

பிறகு மாணவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். வகுப்பிலேயே சற்றுப் பருமனான மாணவன் ஒருவன் முறை வந்தது. குதிரைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி வேண்டாம்பா, குதிரை தாங்காது" என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் பேருந்து நின்ற பக்கம் நடந்தான்.

இறங்கும் வழியில் அவன் பக்கத்தில் போய் அமர்ந்தேன். சற்று நேரம் கழித்து அவனே கேட்டான்: "சார், நீங்க என்னைவிட வெயிட்டுதானே? உங்கள மட்டும் எப்படி சார் ஏத்துனாரு?"

அதில் கோபமோ குறும்போ இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். என் எடை 84 கிலோ. இருபது ஆண்டுகளாக விகிதமும் சதவீதமும் நடத்துகிற எனக்கு, அந்தக் கேள்விக்குச் சொல்ல ஒரு பதிலும் இல்லை. பதில் தேடியதில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது, வகுப்புக்கும் ஒரு பாடம் கிடைத்தது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஐந்தில் ஒரு பங்கு

ஒரு குதிரை எவ்வளவு சுமக்கலாம் என்பதற்குக் குதிரை வளர்ப்போரிடம் ஒரு பொதுவான அளவு உண்டு. சவாரி செய்பவரின் எடை, அவருடைய உடை, சேணம், விரிப்பு ஆகிய எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மனிதரின் எடையை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் பிழை. சேணம் காற்றில் மிதப்பதில்லை, அதையும் குதிரைதான் சுமக்கிறது.

இந்த அளவை ஆய்வாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில் எட்டுக் குதிரைகளின் மீது அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என வெவ்வேறு சுமைகளை ஏற்றி ஓட்டினார்கள். 15, 20 சதவீதச் சுமைகளில் தசைகளில் பெரிய மாற்றம் இல்லை. 25, 30 சதவீதத்தில் இதயத் துடிப்பு கூடுதலாக உயர்ந்தது, தசைகளில் வலியும் இறுக்கமும் தெரிந்தன. இடுப்புப் பகுதி அகலமாகவும் முன்னங்கால் எலும்பு பருமனாகவும் இருந்த குதிரைகளுக்குத் தசைவலி குறைவாக இருந்தது.

இங்கிலாந்தில் நடந்த இன்னொரு சோதனையின் முடிவுகள் 2018இல் வெளியாயின. ஆறு குதிரைகள், நான்கு வெவ்வேறு எடையுள்ள, ஏறத்தாழ ஒரே திறமையுள்ள சவாரியாளர்கள். கனம் மிகுந்த இருவரும் ஏறியபோது எல்லாச் சோதனைகளையும் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பெரும்பாலும் குதிரை தற்காலிகமாக நொண்டத் தொடங்கியதே காரணம்.

கிரேக்க நாட்டின் சான்டொரினித் தீவில் துறைமுகத்திலிருந்து மேலே உள்ள ஊருக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். சுற்றுலாப் பயணிகளைக் கழுதைகள் சுமந்து ஏறுகின்றன. அவை படும் துன்பம் உலகெங்கும் பேசப்பட்ட பிறகு, 2018இல் அந்நாட்டு அரசு விதி கொண்டுவந்தது: சுமை 100 கிலோவையோ விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்கையோ தாண்டக் கூடாது.

நம் நாட்டிலும் 1965ஆம் ஆண்டு முதல் வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான விதிகள் உள்ளன. அவற்றின்படி மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ என்பது உச்ச அளவு. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவெளி இல்லாமல் ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு தர வேண்டும். இவை நம் மாணவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

தராசு இல்லாமல் எடை

ஐந்தில் ஒரு பங்கு என்று சொல்லிவிட்டோம். குதிரையின் எடையை எப்படி அறிவது? அதை எந்தத் தராசில் நிறுத்துவது? இங்கேதான் கணக்கு ஆசிரியருக்கு வேலை இருக்கிறது. தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும்.

முதலில் மார்புச் சுற்றளவு. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டை ஒட்டி நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். அடுத்து உடல் நீளம். தோள்முனையிலிருந்து பின்தொடையின் பின்முனை வரை அளக்க வேண்டும். இரண்டும் சென்டிமீட்டரில்.

எடை (கிலோ) = சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880

உருளையின் கன அளவுக்கான சூத்திரத்தை நினைத்துப் பார்த்தால் இது எங்கிருந்து வந்தது என்பது ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கே புரிந்துவிடும். குதிரையின் உடலை ஓர் உருளையாகக் கொண்டால் கன அளவு, சுற்றளவின் வர்க்கத்தையும் நீளத்தையும் சார்ந்தது. 11,880 என்பது அனுபவத்தில் கண்ட திருத்த எண். விடை துல்லியமானதன்று, ஆனால் கண் மதிப்பைவிட எவ்வளவோ மேல்.

அடுத்த ஆண்டு மீண்டும் கொடைக்கானல் சென்றபோது நாடாவையும் எடுத்துப்போனேன். அதே குதிரைக்காரரைத் தேடிப் பிடித்து, "அண்ணே, ஒரு கணக்குக்காக உங்க குதிரைய அளந்துக்கலாமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கடிவாளத்தைப் பிடித்து நின்றார். சுற்றளவு 152 செ.மீ., நீளம் 138 செ.மீ. அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. நாடாவைப் படித்தவனும் கணக்குப் போட்டவனும் அவன்தான். விடை ஏறத்தாழ 268 கிலோ. பக்கத்தில் கேரட் விற்ற அம்மாவின் தராசில் சேணத்தையும் விரிப்பையும் நிறுத்தோம். 8 கிலோ.

268இல் ஐந்தில் ஒரு பங்கு 53.6 கிலோ. சேணத்தைக் கழித்தால் 45 கிலோவுக்குச் சற்று மேல். அந்தக் குதிரை சுமக்கக்கூடிய ஆளின் எடை அவ்வளவுதான். நானோ சேணத்தோடு 92 கிலோ. வகுத்துப் பார்த்தால் 34 சதவீதம். குதிரையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

அந்த மாணவனின் எடையை இங்கே எழுதப்போவதில்லை. அவனும் அந்தக் குதிரைக்கு அளவு மீறிய சுமைதான். குதிரைக்காரர் தடுத்தது சரிதான். ஆனால் அவனுக்கு முன்பே தடுத்திருக்க வேண்டியது என்னை. "அன்னைக்கு என்னை ஏன் அண்ணே ஏத்துனீங்க?" என்று கேட்டேன். "வாத்தியார எப்படி சார் வேண்டாம்னு சொல்றது? பசங்க முன்னாடி வேற. அன்னைக்குக் காலையிலேருந்து சவாரியும் கம்மி" என்றார். அதற்கு மேல் அவரை என்ன கேட்பது? அவருக்கும் வீடு இருக்கிறது, குதிரைக்கும் தீவனம் வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு ஏறுகிறவருடையது.

எண் மட்டும் போதாது

20 சதவீதம் என்பது உச்ச வரம்பு. எல்லாக் குதிரைக்கும் எல்லா நேரத்துக்கும் அது பொருந்தாது. பின்வருவனவற்றையும் பார்க்க வேண்டும்.

குதிரையின் உடல்நிலை: எலும்பு தெரிய மெலிந்த குதிரை, வயது முதிர்ந்த குதிரை, நொண்டும் குதிரை ஆகியவற்றுக்கு வரம்பு இன்னும் கீழே. இளம் குதிரைக்கும் அப்படியே; அதன் முதுகெலும்பு முழுமையாக முதிர ஐந்து வயதுக்கு மேல் ஆகிறது. கொழுத்த குதிரை அதிகம் சுமக்கும் என்று நினைப்பதும் தவறு. அதன் கொழுப்பே அதற்கு ஒரு சுமை. நலமாக இருக்கும்போது அது இருக்க வேண்டிய எடையைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

சேணம்: குதிரையின் முதுகு முழுவதும் சுமை தாங்கும் இடமன்று. கடைசி விலா எலும்பைத் தாண்டிப் பின்னால் சுமை போகக் கூடாது. சிறிய சேணத்தில் பெரிய ஆள் அமர்ந்தால் எடை பின்னுக்குத் தள்ளப்பட்டு ஓரிடத்தில் அழுத்தும். எடையைப் பரப்பித் தாங்குவதுதான் நல்ல சேணத்தின் வேலை. அழுத்தம் = விசை ÷ பரப்பு என்று அறிவியல் ஆசிரியர் நடத்தும் பாடம்தான் இது.

வேகமும் பாதையும்: குதிரை நடக்கும்போது முதுகில் விழும் விசை, ஏறியவரின் எடையை ஒட்டியே இருக்கும். குலுங்கி ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் அது ஏறத்தாழ இரு மடங்காகும். மேடு, வழுக்குப் பாறை, நீண்ட தூரம், வெயில் எல்லாம் சுமையைக் கூட்டும்.

ஏறுபவரின் பயிற்சி: சமநிலையோடு அமரத் தெரிந்தவர் குதிரையின் அசைவோடு சேர்ந்து அசைவார். தெரியாதவர் மூட்டைபோல் மோதிக்கொண்டே இருப்பார். சுற்றுலாவில் ஏறும் நாம் எல்லோரும் இரண்டாம் வகை.

கடைசியாகக் குதிரையையே கேட்க வேண்டும். அது வாயால் சொல்லாது, உடலால் சொல்லும். ஏறும்போது முதுகைத் தாழ்த்துவது, காதுகளைப் பின்னோக்கி மடிப்பது, வாலை விடாமல் அடிப்பது, தலையை உதறுவது, அடிகளைக் குறுக்குவது, நகர மறுப்பது ஆகியவற்றை அடம் என்று சொல்லிவிடுகிறோம். பல நேரங்களில் அது வலி.

வகுப்பில் எப்படி நடத்தினேன்?

இதை நடத்தும்போது ஒரு கவனம் தேவை. எக்காரணம் கொண்டும் மாணவர்களின் எடையைப் பாடத்துக்குள் கொண்டுவரக் கூடாது. யாரையும் தராசில் நிற்க வைக்கவோ, பலர் முன் எடையைச் சொல்லச் சொல்லவோ கூடாது. அப்படிச் செய்தால் ஏரிக்கரையில் எழுந்த சிரிப்பு வகுப்பறையிலும் எழும். அதனால் அட்டைகள் தயாரித்தேன்.

குதிரை அட்டைகள் மூன்று: 250, 320, 450 கிலோ. ஆள் அட்டைகள் நான்கு: 38, 52, 66, 84 கிலோ. சேணம் எல்லாவற்றுக்கும் 8 கிலோ. யார் எந்தக் குதிரையில் ஏறலாம் என்று குழுக்கள் கண்டுபிடிக்க வேண்டும். 38 கிலோ ஆள் மூன்றிலும் ஏறலாம். 52 கிலோ ஆள் இரண்டில். 66 கிலோ ஆள் ஒன்றில் மட்டும். 84 கிலோ ஆளுக்கு எதுவும் இல்லை. "சேணம் 6 கிலோவாக இருந்தால்?" என்று கேட்டேன். 90ஐ 450ஆல் வகுத்து, சரியாக 20 சதவீதம் என்று குதித்தார்கள். "அந்தக் குதிரை நொண்டுகிறது என்றால்?" என்றதும் வகுப்பு அமைதியானது. ஒரு மாணவி எழுந்து, "கணக்கு சரிதான் சார், ஆனா ஏறக் கூடாது" என்றாள்.

அந்த வகுப்பில் நான் வலியுறுத்தியது ஒன்றே. "நீ கனம்" என்பது கணக்கே அன்று. "இந்தக் குதிரைக்கு இந்தச் சுமை எத்தனை சதவீதம்?" என்பதுதான் கணக்கு. 66 கிலோ எடையுள்ளவர் ஒரு குதிரைக்கு அதிகம், இன்னொன்றுக்குச் சரி. ஆள் மாறவில்லை, குதிரைதான் மாறியது. விகிதத்தில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்றை மட்டும் பார்த்து ஒருவரை எள்ளி நகையாட முடியாது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதே முறையைப் புத்தகப் பைக்குப் பயன்படுத்தலாம். 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை குழந்தையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இங்கும் குழந்தையை நிறுக்க வேண்டாம். 20 கிலோ, 25 கிலோ, 30 கிலோ என்று அட்டைகளைக் கொடுத்து, பையை மட்டும் நிறுத்துப் பார்க்கட்டும். சுமக்கிறவரின் பக்கத்திலிருந்து சிந்திக்க அவர்கள் பழகுவார்கள்.

இரண்டாவது பயணத்தில் அளந்து முடித்ததும் பிள்ளைகள் வழக்கம்போல் "நீங்க ஏறுங்க சார்" என்றார்கள். அந்த மாணவன் திரும்பி, "சார் இதுல ஏற முடியாது. முப்பத்துநாலு பெர்சென்ட்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு சவாரிக்கான காசை குதிரைக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவனும் நானும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் குதிரையோடு ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் நடந்தோம்.