வெற்றிக்கு இலக்கணம் யாது?

பழைய ஏட்டைப் பெயர்த்தெழுதுவோர், எழுதி முடித்தவுடன் தம் பணி நிறைவுற்றதாக எண்ணினாரல்லர். மூல ஏட்டை ஒருவர் படிக்க, புதிய படியை மற்றொருவர் ஒப்புநோக்குவார். அதன் பின்னரே அப்படி நம்பத்தக்கதாயிற்று. அத்துணை விழிப்பிருந்தும் ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகிய இரு பாடல்கள் நமக்குக் கிடைத்தில. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் மறைந்தன. அவை மறைந்த நாளை அறிந்தார் எவருமிலர். தேடிய நாளிலேதான் இன்மை புலனாயிற்று.

ஏடு இருந்த இடத்தில் இன்று கணினி இருக்கின்றது. குறித்த நேரம் வந்ததும், ஆளில்லாமலே, அது தன் தரவுகளுக்குக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்கின்றது. பணி முடிந்தபின் ‘வெற்றி’ என்றோ ‘தோல்வி’ என்றோ தானே குறித்தும் வைக்கின்றது. அங்ஙனமாயின், வெற்றிக்கு இலக்கணம் வகுத்தவர் யார்? பெரும்பாலும் அவ்விலக்கணம் மிக எளிது. ஏவிய நிரல் இடையில் முறியாது முடிந்து, சுழியம் என்னும் எண்ணைத் திருப்பித் தந்தால் வெற்றி. எடுத்த படியினுள்ளே ஏதேனும் உண்டா என்பதை அச்சுழியம் சொல்லாது.

கிட்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 இல் நேர்ந்தது இதற்குத் தக்க சான்று. ஊழியர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புப் பிரதிகளைத் தேடிச் சென்றபோது, அவை இருக்கவேண்டிய களஞ்சியம் வெறுமையாய்க் கிடந்தது. படியெடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமையால் அப்பணி தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரிய ஒப்பம் இன்மையால் ஏற்கப்படாது ஒழிந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காக எடுத்திருந்த படி ஒன்றினாலேயே மீட்சி கிடைத்தது. அந்த ஆறு மணி நேரத்துத் தரவு மீளவில்லை. செய்தி வராமையை நலம் என்று கொண்டதே அங்கு நேர்ந்த பெரும்பிழை.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக்கணினித் தொகுதியைக் கப்பம் கோரும் தீநிரல் ஒன்று தாக்கியது. இணைப்பிலிருந்த காப்புப் பிரதிகளும் அதற்கு இரையாயின. இணைப்பினின்றும் பிரித்து வைத்த படியோ அக்காலப் பகுதிக்கு இருக்கவில்லை. அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட, இழக்கப்பட்டன.

மலையகத்தார் இதனைப் பிறர் கவலையென்று ஒதுக்கலாகாது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை முதலான முன்னோர் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. காட்டப் பத்திரம் இல்லாதார் நாடற்றவராயினர். 2007 ஜனவரியில் வலப்பனையில் மலை சரிந்தபோது உயிர்களும் வீடுகளும் அழிந்தன. வீட்டோடு பெட்டியிலிருந்த பிறப்புச் சான்றிதழும் மண்ணுட் போகுமாயின், பதிவகத்துப் படியே அதனை மீட்டுத் தரும். அப்பதிவும் கணினிக்குள் செல்லும் காலத்தில், ‘வெற்றி’ என்னும் ஒரு சொல்லின் மெய்ம்மையில் ஒரு குடும்பத்தின் உரிமை தங்கியிருக்கின்றது.

ஆகவே விதிகளை முன்கூட்டியே வகுத்துக் கணினியிடமே ஒப்புவித்தல் வேண்டும். நாள்தோறும் நூறு அறிக்கைகளைப் படிக்கும் மனிதக்கண் சலித்துவிடும், விதி சலிப்பதில்லை. நேற்றைய படியினும் இன்றைய படி காரணமின்றிப் பெரிதும் சுருங்கினால் தோல்வி. சில கோப்புகள் விடுபட்டால், எவை விடுபடலாம், எவை விடுபடலாகா என்பது முன்னரே வரையறுக்கப்படல் வேண்டும். கடைசி நற்படிக்குப் பின் குறித்த மணி நேரம் கடந்தும் செய்தி வாராதாயின், அவ்வமைதியே தோல்வி. எல்லாவற்றினும் மேலாக, படியை வேறொரு கணினியில் விரித்துப் பார்த்து, அது மூலத்தோடு ஒத்தாலன்றி வெற்றி என்ற சொல்லை வழங்கலாகாது.

செய்பவரும் சரிபார்ப்பவரும் வேறாக இருத்தலும் இன்றியமையாதது. தோட்டத்திலே மலையில் நிறுத்த கொழுந்தைத் தொழிற்சாலையில் மீண்டும் நிறுக்கின்றனர். எவர்மீதும் ஐயங்கொண்டு செய்வதன்று அது. கணக்கு நிலைபெறுதற்கான வழி. அங்ஙனமே படியெடுத்த நிரலின் வாய்மொழியை மட்டும் நம்பாது, அதனைச் சாராத மற்றொரு நிரல் அளந்து கூறுதல் வேண்டும். அறிவிப்புச் செய்தி உரியவரைச் சேர்கின்றதா என்பதையும், வேண்டுமென்றே ஒரு தோல்வியை உண்டாக்கி, அவ்வப்போது சோதித்தல் நன்று.

பாடசாலைப் பதிவுகளைக் கணினியில் வைக்கும் ஆசிரியரும், நூல்களை மின்வடிவிற் சேர்க்கும் அன்பரும், “படி எடுத்தாயிற்றா?” என்று வினவுவதோடு அமையாது, “கடைசியாக அதனை விரித்துப் பார்த்தது எந்நாள்?” என்றும் வினவுவாராக. அதற்கு விடையாக ஒரு தேதியைச் சொல்ல முடிந்தவரே காப்புடையவர்.