பெயரில்லாத உத்தியோகத்துக்குப் பெயர் கிடைத்த விதம்

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளை என்ன வேலையில் இருக்கிறான் என்று கேட்டால் முன்பெல்லாம் ஒரே வார்த்தையில் பதில் வரும். பாங்க், செக்ரடேரியட், ரயில்வே, டாக்டர். இப்போது சில வீடுகளில், "ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறான், ஆனால் சயன்டிஸ்ட் இல்லை. கம்ப்யூட்டர் வேலைதான், ஆனால் ஐ.டி. கம்பெனி இல்லை" என்று சுற்றி வளைக்கிறார்கள். டேட்டா ஸ்டூவர்ட், ரிசர்ச் சாஃப்ட்வேர் என்ஜினீயர் என்பவை அந்த வேலைகளின் பெயர்கள். இந்தப் பிள்ளைகள் ஏதோ கான்ஃபரன்ஸ் என்று லீவும் டிக்கெட்டும் கேட்டால், "பேப்பர் வாசிக்காத உனக்கு எதற்குக் கான்ஃபரன்ஸ்?" என்று ஆபீஸிலும் கேட்கிறார்கள், வீட்டிலும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். பதிலும் இருக்கிறது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக்கூடத்தில் அளவு எடுப்பவர் விஞ்ஞானி. அந்த அளவு எந்த யூனிட்டில், எந்தக் கருவியால், எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று குறித்து, பத்து வருடம் கழித்து வேறொருவர் பார்த்தாலும் விளங்கும்படி வைக்க வழி செய்பவர் டேட்டா ஸ்டூவர்ட். அந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போடும் புரோகிராமை எழுதி, சோதித்து, பழுது பார்ப்பவர் ரிசர்ச் சாஃப்ட்வேர் என்ஜினீயர். ரயில்வேக்காரர்களுக்கு இது அவ்வளவு புதிதல்ல. வளைவுப் பாதையில் 20 மீட்டர் நாண் பிடித்து, 10 மீட்டருக்கு ஓர் இடத்தில் வெர்சைன் எடுத்து ரிஜிஸ்டரில் எழுதுவோம். எண்களை மட்டும் எழுதி, ஆரம்பப் புள்ளி எந்தக் கிலோமீட்டரில் என்று எழுதாமல் விட்டால், அடுத்து வரும் இன்ஸ்பெக்டருக்கு அது பழைய பேப்பர்தான்.

இதில் சறுக்கினால் என்ன ஆகும்? நாஸா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23-ல் செவ்வாயை அடைந்த வேளையில் தொலைந்து போனது. ஒரு புரோகிராம் தந்த எண்கள் பவுண்டு-செகண்டில் இருந்தன. வாங்கிக்கொண்ட புரோகிராம் அவற்றை நியூட்டன்-செகண்டாக எடுத்துக்கொண்டது. வித்தியாசம் ஏறக்குறைய நாலரை மடங்கு! அதாவது விண்கலம், சரி. மனித உயிரோடு சம்பந்தப்பட்டதும் உண்டு. 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் கோவிட் கண்டவர்கள் 15,841 பேரின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் நின்றுவிட்டது. பழைய எக்ஸெல் ஃபைலில் 65,536 வரிசைக்கு மேல் இடம் கிடையாது, அதுதான் காரணம். அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்போய் எச்சரிக்கும் வேலை அதனால் தாமதமாயிற்று. அந்த ஃபைல் வகையின் எல்லை தெரிந்த ஒருவர் ஆரம்பத்திலேயே பக்கத்தில் இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் தடுத்திருப்பார்.

அப்படிப்பட்டவர்கள் பல இடங்களில் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஓர் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒருவர், அதிகம் போனால் இரண்டு பேர். பதவி உயர்வுக்கு அங்கே பேப்பர் எண்ணிக்கைதான் கணக்கு. இவர்கள் எழுதிய புரோகிராமை வைத்துப் பிறர் பேப்பர் எழுதுவார்கள், இவர்கள் பெயர் கடைசியில் நன்றி வரிசையில் வந்தால் பெரிய விஷயம். டெஸிக்னேஷன் பெரும்பாலும் பிராஜக்ட் அசிஸ்டென்ட். பிராஜக்ட் முடிந்தால் ஆளும் வெளியே, அவர் கட்டிக் காத்த தகவலும் அநாதை.

இந்தத் தனிமையை உடைத்தது கூட்டங்கள்தான். ரிசர்ச் சாஃப்ட்வேர் என்ஜினீயர் என்ற பெயரே 2012 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஒரு பட்டறையில் பிறந்தது. இந்த வேலை செய்கிறவர்களை என்னவென்று அழைப்பது என்று சிலர் உட்கார்ந்து பேசியதில் வந்த பெயர் அது. 2013-ல் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். 2016 செப்டம்பர் 15, 16 தேதிகளில் முதல் மாநாடு மான்செஸ்டர் அறிவியல் தொழில் மியூசியத்தில் கூடியது. (அந்த மியூசியம் இருப்பது லிவர்பூல் ரோடு பழைய ஸ்டேஷன் வளாகத்தில். லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில்பாதை திறக்கப்பட்டதும் 1830-ல் இதே செப்டம்பர் 15 அன்றுதான். மாநாட்டுக்காரர்கள் இதைக் கவனித்தார்களோ என்னவோ, எனக்கு மட்டும் பரம சந்தோஷம்.) 2019-ல் அந்தச் சங்கம் முறையாகப் பதிவானது. 2021-ல் ஆசியாவுக்கென ஒன்று தோன்றியது. 2023-ல் அமெரிக்கர்கள் சிகாகோவில் தங்கள் முதல் மாநாட்டை நடத்தினார்கள். இதற்கிடையே பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்தப் பெயரிலேயே தனிப் பிரிவும் பதவியும் வந்துவிட்டன. பெயர் வந்தால்தானே போஸ்ட் சாங்ஷன் கேட்க முடியும்!

தகவல் காப்பவர்கள் பக்கமும் இதே கதைதான். ரிசர்ச் டேட்டா அலையன்ஸ் என்ற சர்வதேச அமைப்பு தன் முதல் கூட்டத்தை 2013 மார்ச்சில் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் நடத்தியது. 2014 ஜனவரியில் ஹாலந்தின் லைடன் நகரில் கூடியவர்கள் பேசிய பேச்சு, 2016-ல் 'ஃபேர்' என்ற நான்கு நியதிகளாக அச்சேறியது: தகவல் தேடினால் கிடைக்க வேண்டும், கிடைத்ததை எடுக்க வழி வேண்டும், மற்றத் தகவலோடு இணைய வேண்டும், மறுபடியும் பயன்பட வேண்டும். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஃபேகல்டிக்கு ஒரு டேட்டா ஸ்டூவர்ட் என்று ஆள் போட்டிருக்கிறது. நம் தில்லிக்கும் இதில் பங்குண்டு. 2014 நவம்பரில் சைடேட்டாகான் என்ற உலக மாநாடு ஜே.என்.யு. வளாகத்தில்தான் நடந்தது.

உள்ளே என்ன நடக்கிறது? மேடைப் பேச்சு கொஞ்சம்தான் பயன். ஸ்பான்ஸர் ஸ்டால்களில் பையும் பேனாவும் கிடைக்கும், அவ்வளவே. இனம் இனத்தோடு சேரும் என்பது போல ஒரே தலைவலி உள்ளவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் நேரம் ஒன்று உண்டு, அதுதான் விசேஷம். ஆஸ்பத்திரித் தகவலில் நோயாளி பெயரை எப்படி மறைப்பது, ரிடையராகும் புரொஃபசரின் ஹார்ட் டிஸ்கை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். கைப்பழக்கத்துக்கான பட்டறைகளும் உண்டு. புரோகிராமில் யார், எப்போது, ஏன் திருத்தினார் என்று பதிவு செய்யும் 'கிட்' என்ற சாதனத்தை அங்கே சொல்லித் தருகிறார்கள். எங்கள் டிராயிங் ஓரத்தில் ஆல்டரேஷன் நம்பரும் தேதியும் கையெழுத்தும் இருக்குமே, அதே தத்துவம். டி.வி.யில் பார்ப்பது போல வீட்டிலிருந்தே இவற்றைப் பார்க்கலாம் என்கிறார்கள். பேச்சுக்கு அது போதும். டீ இடைவேளைக்குப் போதாது.

நம் நாட்டில் தேவை பெருகிவருகிறது. 2022 நவம்பரில் ஃபரீதாபாத்தில் இந்திய உயிரியல் தகவல் மையம் திறக்கப்பட்டது. சந்திரயான் முதலான கலங்களின் அறிவியல் தகவல்கள் பெங்களூர் அருகே பயலாலுவில் சேமிக்கப்படுகின்றன. கட்டடமும் கம்ப்யூட்டரும் பணம் கொடுத்தால் வரும். உள்ளே உட்காருகிறவர் காண்ட்ராக்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, தன் டெஸிக்னேஷன் என்னவென்று அப்பாவிடம்கூடச் சொல்ல முடியாமல் ஐ.டி. கம்பெனிக்குப் போய்விட்டால் அந்தத் தகவலுக்கு யார் பொறுப்பு?

போக நினைக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம். கார்ப்பென்ட்ரீஸ் என்ற அமைப்பின் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை முடித்துவிட்டுப் போனால் பேச்சு விளங்கும். போஸ்டர் வைப்பவர்களுக்குப் பல கூட்டங்களில் பயணச் செலவுக்கு உதவி உண்டு, ஆனால் அதற்கான கடைசித் தேதி கூட்டத்துக்குச் சில மாதம் முன்பே முடிந்துவிடும். லீவு லெட்டரை எழுதும் முன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.